முள் வந்து குந்திய காடு

கோயில் காட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தின் கடைசிக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அதில் ‘ஓங்கிய இனம் / காட்டின் வகை’ என்று அச்சிட்டிருந்தது. 2014 ஆடி மாதம், காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், செம்மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் ‘சீமைக்கருவேலம்’ என்று எழுதினேன். எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன். அந்தத் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எண்கள் சரியாகவே இருக்கின்றன, ஆனால் அந்தச் சொல் தப்பு. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் சொல் எப்படித் தப்பாகும் என்பது விளங்க எனக்கு நாலு வருஷம் பிடித்தது. அதற்குள் ஒரு காட்டின் ஓரம் போய்விட்டது.

காடு இருப்பது கடலூருக்கு மேற்கே, செம்மண் மேட்டில். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அய்யனார் கோயில், வாசலில் சாயம் போன மண் குதிரைகள், பின்னால் பன்னிரண்டு ஏக்கர் போலக் காடு. சுள்ளி ஒடித்தாலும் அய்யனார் சும்மா விடமாட்டார் என்ற பயம்தான் இத்தனை காலம் அதற்கு வேலி. கோயிலை ஒட்டிய நடுக்காட்டுக்குள் நுழைந்தால் சித்திரை வெயிலிலும் நிழல் கருப்பாக இருக்கும். பாலை, காயா, வீரை, இரும்புளி, காட்டெலுமிச்சை என்று எல்லாமே குட்டையான, தோல்போலத் தடித்த இலையுள்ள மரங்கள். இந்தக் கரையில் ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும், மீதி ஆறேழு மாதம் காய்ச்சல்தான். அந்தக் கணக்குக்கு இங்கே இலையுதிர் காடு நிற்க வேண்டும். நிற்பதோ இலையே உதிர்க்காத காடு. சாம்பியன் என்ற வனத்துறை அறிஞர் 1936-இல் இந்திய, பர்மியக் காடுகளை வகை பிரித்தபோதும், சேத் என்பவரோடு சேர்ந்து 1968-இல் அதைத் திருத்தி எழுதியபோதும், இதற்கென்று தனித் தொகுதி ஒன்றை ஒதுக்கினார். 1968 பட்டியலின் பதினாறு தொகுதிகளில் ஏழாவது அது. பெயர் வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு. வறட்சியும் மாறாத பசுமையும் ஒரே பெயருக்குள் அடுத்தடுத்து நிற்கும் அந்தத் தலைப்பை முதன்முதலில் வகுப்பில் கேட்டபோது, அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

வடக்கு ஓரம் வேறு மாதிரி. அங்கே ஒரு காலத்தில் விறகு வெட்டியிருக்கிறார்கள், சாலைக்கு மண் எடுத்திருக்கிறார்கள். பிறகு வேலிக்காத்தான் ஏறிவிட்டது. சீமைக்கருவேலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. முதுகலை முடித்த கையோடு கோயில் காடுகள் கணக்கெடுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்ட வேண்டும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் மார்பளவு உயரத்தில் டேப் சுற்றி அளக்க வேண்டும், பெயரையும் சுற்றளவையும் எழுத வேண்டும். பத்து சென்டிமீட்டர் சுற்றளவுக்குக் குறைந்த தண்டை எண்ணக் கூடாது என்பது விதி. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும் என்பதால், இதுபோன்ற விதி எல்லாக் கணக்கெடுப்பிலும் உண்டு.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“என்னா கண்ணு, முள்ளுக்குப் போயி கணக்கு எழுதிக்கினு இருக்கிற?”

“எந்த மரம் ஜாஸ்தின்னு பாக்கறோம் ஆயா. இந்தப் பக்கம் பூரா வேலிக்காத்தான் காடுதான்.”

“யாரு சொன்னா? இது பாலைக்காடு. முள்ளு மேல வந்து குந்திக்கினு இருக்குது, அவ்ளோதான். உள்ள பூந்து பாரு.”

பூந்து பார்த்தேன், பார்க்காமல் இல்லை. முட்டி போட்டு நுழைந்ததும் முதுகில் சட்டை கிழிந்தது. கீழே முழங்கால் உயரத்துக்குக் காயாக் கன்றுகள் மண்டிக் கிடந்தன. வீரை நாலைந்து, காரை, களா, சூரைக்கொடி. சின்னானும் குயிலும் நடுக்காட்டில் பழம் தின்றுவிட்டு வந்து இந்த முள்மரத்தில் உட்கார்ந்து போட்ட எச்சத்தில் முளைத்தவை. பாலைக் கன்றுகூட இரண்டு இருந்தன, இலை நுனி உள்வாங்கி, மேல்பக்கம் மினுமினுவென்று. வெளியே வந்து ஆயாவிடம் சொன்னேன்: “சிறுசெல்லாம் கணக்குல வராது ஆயா.” அவர் ஒன்றும் சொல்லாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

ஓங்கியதும் மிகுந்ததும்

அந்தச் சதுரத்தின் எண்களை அப்படியே தருகிறேன். வேலிக்காத்தான் 31, வேம்பு 2, பாலை 1. மொத்தம் 34 மரம். தலை எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வேலிக்காத்தான்தான். ஆனால் அந்த ஒற்றைப் பாலையின் சுற்றளவு 142 சென்டிமீட்டர். வேலிக்காத்தான் ஒவ்வொன்றும் சராசரி இருபது சென்டிமீட்டர், நடுத்தர மூங்கில் கழிகூட அதைவிடப் பருமனாக இருக்கும். மார்பளவு உயரத்தில் மரத்தை அறுத்தால் தெரியும் வட்டத்தின் பரப்பைத்தான் அடிப்பரப்பு என்போம். பாலையின் வட்டம் ஏறக்குறைய 1,600 சதுர சென்டிமீட்டர். முப்பத்தொரு வேலிக்காத்தானையும் கூட்டினால் ஆயிரம்கூட வரவில்லை. ஒரே சதுரம், ஒரே நாள், ஒரே டேப். தலையை எண்ணினால் அது முள்காடு, மரத்தின் உடம்பை அளந்தால் அது பாலைக்காடு.

இந்தச் சிக்கல் தெரியாததல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கர்ட்டிஸ், மெக்கின்டாஷ் என்ற தாவரவியலாளர்கள் 1951-இல் மூன்று அளவுகளைக் கூட்டும் வழியைச் சொன்னார்கள். எண்ணிக்கையில் ஓர் இனத்தின் பங்கு, எத்தனை சதுரங்களில் அது தென்படுகிறது என்பதன் பங்கு, அடிப்பரப்பில் அதன் பங்கு ஆகிய மூன்றும் சேர்ந்து முந்நூறுக்கு ஒரு மதிப்பெண். இன்றைக்கும் நம் கல்லூரிகளில் காடு அளக்கும் மாணவர்கள் எல்லாரும் போடுவது இந்தக் கணக்கைத்தான். நாங்களும் போட்டோம். வடக்கு ஓரத்தின் மற்றச் சதுரங்களில் பெரிய பாலை இல்லாததால், எல்லாவற்றையும் கூட்டியபோது வேலிக்காத்தானே முதலில் வந்தது. நடுக்காட்டில் காயா முதல், பாலை இரண்டாவது. அறிக்கையில் இரண்டு வகை: மையத்தில் ‘காயா–பாலைக் காடு’, வடக்கு ஓரத்தில் ‘சீமைக்கருவேலங்காடு’. நடுவில் கோடு.

பிற்பாடு என்னை உறுத்தியது படிவத்தின் சொல்தான். படிவம் ‘ஓங்கிய இனம்’ என்று கேட்டது. நான் ‘மிகுந்த இனம்’ என்று படித்தேன். ஓங்குவது வேறு, மிகுவது வேறு. கல்யாண வீட்டில் குழந்தைகள் மிகுதி, அதற்காக அந்த வீடு அவர்கள் சொற்படி நடப்பதில்லை. எந்த மரத்தின் நிழலைப் பொறுத்து மற்றவை முளைக்கின்றன, எதன் சருகு மண்ணாகிறது, எதன் பழத்துக்குப் பறவை வருகிறது என்று கேட்டால் கிடைக்கும் விடைதான் ஓங்கிய இனம். அந்தக் கேள்விக்கு டேப்பும் கயிறும் பாதி வழிதான் வரும்.

ஐரோப்பாவில் இதைப் பற்றி இரண்டு பட்சம் இருந்தது. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒவ்வோர் அடுக்கிலும் ஓங்கியது எது என்று தனித்தனியாகப் பார்த்தார்கள்: மேலே மரம், அடுத்துப் புதர், கீழே செடி, அதற்கும் கீழே பாசி. பிரவுன்-பிளாங்கே என்ற தாவரவியலாளரின் வழியில் வந்தவர்களோ எது அதிகம் என்பதைவிட எது விசுவாசமானது என்று கேட்டார்கள். வேறெங்கும் வாழாமல் இந்தக் கூட்டத்தில் மட்டும் வாழும் இனம் எதுவோ அதுதான் அந்தக் கூட்டத்தின் அடையாளம். இரண்டு வழியில் எதைக் கைக்கொண்டிருந்தாலும் என் வடக்கு ஓரம் வேறு பெயர் பெற்றிருக்கும். அடுக்குப் பிரித்திருந்தால் ‘மேலே வேலிக்காத்தான், கீழே காயா’ என்று எழுதியிருப்பேன். விசுவாசம் பார்த்திருந்தால் வேலிக்காத்தானுக்கு இடமே இல்லை. அது ஏரிக்கரையிலும் இருக்கிறது, தண்டவாளத்து ஓரத்திலும் இருக்கிறது, உப்பளத்து வரப்பிலும் இருக்கிறது. எல்லா இடத்திலும் இருக்கும் ஒன்று எந்த இடத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

பொக்லைன் வந்த வருஷம்

2017-இல் தமிழ்நாடு முழுக்க சீமைக்கருவேலத்தை ஒழிக்கும் வேகம் பிறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது என்று வாட்ஸப்பில் வந்தவற்றில் பாதி மிகை. ஆனாலும் அந்த மரத்தின் மேல் எனக்கும் பாசம் கிடையாது. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளிக்குள் அது எப்படிப் புகுந்து பரவியிருக்கிறது என்று பார்த்தவர்கள் யாரும் அதற்காக வாதாட மாட்டார்கள்.

எங்கள் காட்டின் வடக்கு ஓரத்துக்கும் பொக்லைன் வந்தது. யார் சொல்லி வந்தது என்பது இங்கே முக்கியமில்லை. எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று யாரோ ஒருவர் எங்கள் அறிக்கையின் படத்தைப் பார்த்திருக்கிறார். நடுவில் நாங்கள் போட்ட கோடுதான் எல்லை ஆனது. கோட்டுக்குத் தெற்கே ‘காயா–பாலைக் காடு’, அதைத் தொடவில்லை. வடக்கே ‘சீமைக்கருவேலங்காடு’, அதை வேரோடு புரட்டிவிட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார்கள். காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் கோட்டையே மதித்திருக்கிறார்கள். அந்தப் பெரிய பாலையை மட்டும் சாமிக்குப் பயந்து விட்டுவிட்டார்கள்.

செய்தி தெரிந்து நான் போனபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. பெரிய பாலை வெட்டவெளியில், செம்மண்ணுக்கு நடுவே, தனியாக நின்றது. கீழே நிழலில் மட்டுமே வாழ்ந்து பழகிய அதன் அடித்தண்டில் வெயில் நேராக விழுந்தது. குவித்து வைத்திருந்த முள் குப்பைக்குள் கை விட்டுப் பார்த்தேன். காயாத் தண்டுகள் காய்ந்து கிடந்தன, இலை இன்னும் ஒட்டிக்கொண்டு. காயா இலை காய்ந்தாலும் சீக்கிரம் உதிராது, மஞ்சளித்து விறைப்பாகத் தொங்கும். எண்ணாத கன்றுகளை அன்றைக்குத்தான் எண்ணினேன். எழுபதுவரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததால் அவை படிவத்தில் இல்லை, அதனால் அறிக்கையிலும் இல்லை, வெட்டியவர் கையில் இருந்த படத்திலும் இல்லை. பொக்லைன் ஓட்டிய பையனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்துக்குச் சீமைக்கருவேலங்காடு என்று பெயர் வைத்தவள் நான். பெயருக்குத் தக்கபடி அவன் நடந்துகொண்டான்.

வரைபடத்தின் ஓரத்தில்

அடுத்த வருஷம் வேறு ஏதோ வேலையாகப் புதுச்சேரியில் இருந்தபோது, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பழைய தாவர வரைபடம் ஒன்றை விரித்துப் பார்க்க வாய்த்தது. 1955-இல் தொடங்கிய நிறுவனம் அது. துலூஸ் நகரத்துத் தாவரவியலாளர் ஹென்றி கோசன் வகுத்த முறைப்படி, இந்தியாவின் தாவரங்களைப் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தாள் தாளாக வரைந்தார்கள். 1961-இல் வந்தது கன்னியாகுமரித் தாள். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர். என் பன்னிரண்டு ஏக்கர் அதில் குண்டூசி முனைகூட இல்லை. நான் பார்த்தது ஓரத்தில் இருந்த விளக்கக் கட்டங்களை.

கோசன் நிறத்தையே சூழலைப் பார்த்துத்தான் தேர்ந்தார். ஈரமான இடத்துக்கு நீலத்தின் பக்கம், வறண்ட இடத்துக்கு ஆரஞ்சின் பக்கம். மழை, வெப்பம், வறண்ட மாதங்களின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்துதான் ஓர் இடத்தின் நிறம். நிறத்துக்குப் பெயர் கொடுப்பது மரம்: பாலையும் புரசும் சேர்ந்து ஒரு நிறம், உசிலும் வேல மரமும் சேர்ந்து இன்னொன்று. என்னை நிறுத்தியது அடுத்த விஷயம். ஒரு நிறத்துக்குள் அடர்த்தி மாறியது. நிறைந்த காட்டுக்கு முழு நிறம், வெட்டுப்பட்டுப் புதரானதற்கு அதே நிறத்தில் வெளிறிய கோடுகள், முள்ளும் புல்லுமாகிப் போனதற்கு இன்னும் வெளிறியது. எவ்வளவு சீரழிந்தாலும் நிறம் மாறவில்லை. அவர்கள் இதை ‘வரிசை’ என்று அழைத்தார்கள். ஒரு மண்ணும் ஒரு மழையும் சேர்ந்து எந்தக் காட்டை நோக்கி அழைத்துப் போகுமோ அந்தக் காட்டின் பெயரே அந்த வழியில் உள்ள எல்லாப் படிகளுக்கும் பெயர். முழுக்காடும் பாலை–புரசு வரிசை, அதன் முள்புதரும் பாலை–புரசு வரிசை.

ஆயா சொன்னது இதைத்தான். இது பாலைக்காடு, முள் மேலே வந்து குந்தியிருக்கிறது. வரிசையையும் படியையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் படியை மட்டும் எழுதிக்கொண்டு வரிசையை விட்டுவிட்டேன். அந்த மேசையின் முன்னால் நின்றபோதுதான், நான் நிரப்பியது ஒரு கட்டம், கேட்கப்பட்டது இரண்டு கேள்வி என்று உறைத்தது. இன்றைக்கு இங்கே எது மிகுந்திருக்கிறது என்பது ஒன்று. இந்த இடம் எந்தக் காட்டுக்குச் சொந்தம் என்பது இன்னொன்று. முதலாவது மரத்தைப் பார்த்துச் சொல்வது. இரண்டாவதைச் சொல்ல மண்ணையும் மழையையும் பக்கத்துக் காட்டையும் ஊர்க்காரர் நினைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாலைக்காடு என்றதும் திணையைச் சொல்லத் தோன்றும் பலருக்கு. நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்து, வாழிடத்தையும் தாவரத்தையும் ஒன்றாகக் கட்டியது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டு முடிச்சுப் போடக் கூடாது. திணைக்குப் பெயர் தந்த பாலையை வெட்பாலையோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. இங்கே நான் பேசுவது உலக்கைப்பாலை என்றும் சொல்லும் மரத்தை, வைகாசி வாக்கில் மஞ்சளாகப் பழுத்து, தின்றால் உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளுமே அந்த மரம். இலங்கையின் வன்னிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாலை, வீரை, முதிரை என்று அவர்கள் வரிசையாகச் சொல்லும் மரங்கள் எங்கள் கரையின் பாலை, வீரை, புரசுதான். பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் ஒரே மழை, ஒரே காடு. திணையில் எனக்குப் பயன்படுவது வேறொன்று. பாலைக்கு மட்டும் சொந்த நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும். நிலத்தை வகை பிரித்தவர்கள், நிலத்தின் ‘நிலை’ வேறு என்பதையும் கண்டு அதற்கொரு பெயர் ஒதுக்கிவைத்தார்கள்.

அதே காட்சி, மலைமேல்

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். விடையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற மிதப்பில் கொஞ்ச நாள் திரிந்தேன். 2018 குறிஞ்சி பூத்த வருஷம். நீலகிரிக்குப் போயிருந்தபோது, ஊட்டிக்கு மேற்கே ஒரு சரிவில் சீகை மரக் கூட்டத்துக்குள் நுழைந்தோம். தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட ஆஸ்திரேலிய மரம். கீழே குனிந்து பார்த்தால் சோலை மரக் கன்றுகள். மலை மடிப்புகளில் நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டைத்தான் அங்கே சோலை என்பார்கள். நாவல் இனம் ஒன்று, லாரல் குடும்பத்துக் கன்று இரண்டு மூன்று. எனக்கு உடனே ஆயாதான். “பார்த்தீங்களா, இது சோலைக்காடு, சீகை மேல வந்து உட்கார்ந்திருக்கு” என்று கூட வந்த நண்பரிடம் சொன்னேன். அவர் அந்த மலையில் இருபது வருஷம் நடந்தவர். தலையை ஆட்டினார். “இல்லம்மா. இது புல்வெளி. சீகைக்கு முன்னாடி இங்க மரமே இல்ல.”

சாம்பியன்–சேத் பட்டியலில் நீலகிரிப் புல்வெளிக்குத் தனிச் சிம்மாசனம் கிடையாது. தென்னிந்திய மலைச் சோலைக்காட்டின் சீரழிந்த நிலை என்ற கிளைத் தலைப்பின் கீழே அதை வைத்திருக்கிறார்கள். அதாவது காடு இருந்திருக்க வேண்டும், தீயும் மாடும் அதைப் புல்லாக்கிவிட்டன என்ற பார்வை. 1968-இல் அந்தப் பட்டியல் வரும் முன்பே இதில் வழக்கு இருந்தது. 1938-இல் ரங்கநாதன் என்ற வன அதிகாரி, புல்வெளியில் மரக்கன்று பிழைக்காததற்குக் காரணம் உறைபனி, எனவே புல்லும் சோலையும் இரண்டுமே இயல்பானவை என்று எழுதினார். அதே ஆண்டில் போர் என்ற தாவரவியலாளர், மனிதர் கைபட்டதால்தான் புல் என்றார். 1993-இல் சுகுமார் என்ற சூழலியலாளரும் கூட்டாளிகளும் நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணைத் தோண்டி, அதில் உள்ள கார்பனின் ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறுபடும் அணுக்கள், என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தார்கள். மரத்துக்கும் வெப்பப் புல்லுக்கும் அந்த விகிதம் வேறுபடும். ஏறக்குறைய இருபதாயிரம் வருஷமாக அந்த மலையில் புல் கூடியும் குறைந்தும் இருந்துகொண்டே இருக்கிறது என்று அந்த மண் சொன்னது. மனிதர் மாடு ஓட்டி வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே புல் அங்கே இருந்திருக்கிறது.

அதனால் ‘சீரழிந்த நிலை’ என்ற பெயர் அந்தப் புல்வெளிக்கு எவ்வளவு அநியாயம் என்று பாருங்கள். சீகையும் தைலமரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலைக்கு வந்துவிட்டன, அதற்குப் பட்டியலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிலத்தைத் தரிசு என்றும் சீரழிவு என்றும் எழுதி வைத்துவிட்டால், அங்கே எந்த மரத்தை நட்டாலும் உபகாரம் செய்வதாகத்தான் தோன்றும். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்லில்தான். குறிஞ்சி பூத்த அந்த நாட்களில் சரிவு முழுக்க நீலமாக இருந்தது. யாரைக் கேட்டாலும் ‘குறிஞ்சிக்காடு’ என்றுதான் சொல்வார்கள். புதர் கலைத்துப் பார்த்தால் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல். கண்ணுக்குத் தெரிவதும் ஓங்குவதும் அங்கேயும் வேறு வேறு.

ஆக, முள்ளுக்குக் கீழே கன்றைக் கண்டால் காடு என்ற என் புது விதியும் போயிற்று. கடலூரில் வந்தேறி மரத்துக்குக் கீழே கன்று இருந்தால் பழைய காடு திரும்புகிறது என்று பொருள். நீலகிரியில் அதே காட்சி, அதே வந்தேறி நிழல், அதே பறவை எச்சம், ஆனால் பொருள் நேர் எதிர். சீகை நிழல் உறைபனியைத் தடுத்ததால்தான் சோலைக் கன்று அங்கே பிழைத்தது. பழைய புல்வெளி திரும்புவதற்கு அதுவே இன்னொரு தடை. அந்தச் சீகையை வெட்டிப் புல்லை மீட்பதா, விட்டுச் சோலையை வளர விடுவதா என்பதில் மலையை நேசிப்பவர்களே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. கேட்டால் புல்லின் பக்கம்தான் சாய்வேன், அதற்கு வேறு இடம் இல்லை என்பதால். ஆனால் இன்றைய எண்ணிக்கையை மட்டும் நம்பினால் கடலூரில் தப்பு, எல்லாம் காடாகத்தான் வேண்டும் என்று நம்பினால் நீலகிரியில் தப்பு. வரிசை என்ற அழகான யோசனைக்குள்ளேயே அந்த இரண்டாவது தப்புக்கு இடம் இருக்கிறது. வழி எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதனால் மரத்தின் பெயரோடு இடத்தின் பெயரும் வேண்டும்: என்ன மண், எந்த மாதத்து மழை, உறைபனி உண்டா, உப்பு ஏறுமா. பிச்சாவரத்தில் இதில் யாருக்கும் குழப்பமே வருவதில்லை. வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் முட்டுவேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை, அதற்குப் பின்னால் வெண்கண்டல். அலையே வகை பிரித்துக் கொடுத்துவிடுகிறது. மற்ற இடங்களில் சூழல் அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை, நாம்தான் காது கொடுக்க வேண்டும்.

இரண்டு கட்டம்

போன மாசியில் கடலூர்க் காட்டுக்குப் போய்வந்தேன். வடக்கு ஓரத்தில் வேலிக்காத்தான் திரும்ப வந்துவிட்டது. புரட்டியபோது அறுந்து நின்ற அடிக்கட்டைகளிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, முன்பைவிட நெருக்கமாக. பெரிய பாலை பிழைத்திருக்கிறது. வெயில் பட்ட பக்கம் ஒரு கிளை பட்டுப்போயிருந்தது. அதே இடத்தில் கயிறு கட்டினேன். இந்த முறை நான் கொண்டுபோன தாளில் கோடு போட்டு இரண்டு கட்டமாக்கியிருந்தேன். முதல் கட்டத்தில் ‘மிகுந்தது: சீமைக்கருவேலம்’. இரண்டாவதில் ‘இடம்: கரையோரச் செம்மண், ஐப்பசி மழை, பாலை–காயா–வீரைக் காடு, முள்ளுக்குக் கீழ்’. அதற்குப் பிறகு அரைத்தாள் காலியாக விட்டு, முட்டி போட்டு உள்ளே நுழைந்தேன். காயா 14, களா 6, வீரை 3. பாலை ஒன்று, பெரிய மரத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளி, 34 சென்டிமீட்டர் உயரம். வேர் எடுத்த புதுக் கன்று.

திரும்பும் வழியில் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது. நான் யார் என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“முள்ளுக் கணக்கு எழுதின பொண்ணா? உள்ள பூந்து பாத்தியா?”

“பாத்தேன் ஆயா. காயா பதினாலு, களா ஆறு, வீரை மூணு. பாலை ஒண்ணு, இம்மாம் ஒசரம்.” கையைப் பிடித்து என் முழங்காலுக்குக் கீழே வைத்துக் காட்டினேன்.

“ஆடு கடிக்காம இருக்குதா?”

“நுனி மட்டும் கடிச்சிருக்கு ஆயா.”

“அது எங்க ஆடு இல்ல கண்ணு. எங்களுத வித்து ரெண்டு வருசம் ஆவுது.”